பிபி மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

"பிபிக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் சிலர் நிறத்தைச் சொல்வார்கள். சிலர் "காலையில ஒண்ணு" என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பெயரைச் சொல்வார்கள். அந்த மாத்திரைக்குள் என்ன மருந்து இருக்கிறது என்று சொல்பவர்கள் மிகவும் குறைவு. மருந்துக் கடைக்காரனாக இந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறேன், இதே பதில்களைத் தினமும் கேட்கிறேன்.

முன்பு இது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்கவில்லை. ஒரு மாத்திரை என்றால் ஒரு மருந்து. இப்போது டாக்டர்கள் எழுதித் தருவதில் நிறைய கூட்டு மாத்திரைகள். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து, சிலவற்றில் மூன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடுவது இப்போதுதான் உண்மையிலேயே ஆபத்தாகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பிபி மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். டாக்டர் கூட்டு மாத்திரைக்கு மாற்றியதும் பலர் முகம் வாடி வந்து நிற்பார்கள். "ரெண்டு மருந்து குடுத்திருக்காங்களே, நோய் முத்திப்போச்சா?" அப்படி இல்லை. ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதை விட, வேறு வகை மருந்து ஒன்றைக் குறைந்த அளவில் சேர்ப்பது இரத்த அழுத்தத்தை நன்றாக இறக்கும். 42 ஆய்வுகளில் இருந்த சுமார் 11,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2009-ல் வெளியான கட்டுரை ஒன்று, அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் பலனைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு இன்னொரு வகை மருந்தைச் சேர்ப்பதில் கிடைக்கிறது என்று காட்டியது. அளவு குறைவாக இருப்பதால் பக்கவிளைவும் குறைகிறது. இரண்டு தனித்தனி மாத்திரைகளில் ஒன்று மறந்துபோகும். ஒன்றாக இருந்தால் அந்தச் சிக்கலும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரத்த அழுத்தக் கூட்டு மாத்திரைகளைச் சேர்த்தது. நம் ஊரில் அதிகம் விற்கும் டெல்மிசார்ட்டன் - அம்லோடிபின் சேர்க்கை அதில் உண்டு. 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருந்து தொடங்கும்போதே கூட்டாக, முடிந்தால் ஒரே மாத்திரையாகக் கொடுப்பதை அந்த நிறுவனம் பரிந்துரைத்தது. நம் நாட்டிலேயே 2,000 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் மூன்று விதக் கூட்டு மாத்திரைகளை ஒப்பிட்டு டாப்ஸ்பின் என்ற ஆய்வு நடந்தது. மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு நன்றாக வேலை செய்தன. 2018-ல் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்த செய்தியைப் படித்துவிட்டு, கூட்டு மாத்திரை என்றாலே தப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. காரணமில்லாமல் சேர்த்த மருந்துகளுக்கு வந்த தடை அது. பிபிக்கான இந்தச் சேர்க்கைகளுக்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தைக் கொஞ்சம் பார்க்கலாம், அழகான விஷயம். அம்லோடிபின் தமனிகளின் சுவரைத் தளர்த்துகிறது. ஆனால் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரவைக்கிறது. டெல்மிசார்ட்டன், ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோன் இரத்தக் குழாயை இறுக்குவதைத் தடுக்கிறது. கூடவே அம்லோடிபினால் வரும் கால் வீக்கத்தையும் குறைக்கிறது. ஹைட்ரோகுளோரோதையசைடு சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றும், அப்போது பொட்டாசியமும் போய்விடும். டெல்மிசார்ட்டன் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். ஒன்றின் குறையை இன்னொன்று சரிக்கட்டும்படி பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள்.

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது? பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்.

ஒரே கம்பெனியின் டெல்மிசார்ட்டன் மாத்திரை சாதாவாக ஒன்று இருக்கும். பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' போட்டு ஒன்று, 'ஹெச்' போட்டு ஒன்று, 'சிடி' போட்டு ஒன்று, 'ஏஎம்ஹெச்' என்று இன்னொன்று. 'ஏஎம்' என்றால் அம்லோடிபின் சேர்ந்தது. 'ஹெச்' என்றால் ஹைட்ரோகுளோரோதையசைடு. 'சிடி' பெரும்பாலும் குளோர்தாலிடோன், அதுவும் உப்பை வெளியேற்றும் மருந்துதான். 'ஏடி' என்று வந்தால் அட்டெனலால் இருக்கலாம். அது இதயத் துடிப்பைக் குறைக்கும் வேறு வகை. 'இருக்கலாம்' என்று சொல்வதற்குக் காரணம், இந்த எழுத்துகளைக் கம்பெனிகள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொள்கின்றன. எழுத்தை வைத்து ஊகிக்கக் கூடாது. அட்டையின் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். 'டெல்மிசார்ட்டன் ஐ.பி. 40 மி.கி.' என்று ஒரு வரி, 'அம்லோடிபின் 5 மி.கி.க்குச் சமமான அம்லோடிபின் பெசிலேட்' என்று அடுத்த வரி. அந்த இரண்டு வரிகள்தான் உங்கள் மருந்து. மேலே பெரிதாக இருப்பது வியாபாரப் பெயர்.

படிப்பது சுலபம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அலுமினியப் பட்டை பளபளக்கும், எழுத்து கடுகு அளவு, அதுவும் ஆங்கிலத்தில். விளக்குக்கு எதிரே கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதுவும் முடியாதென்றால் கடைக்காரரிடம் "உள்ளே இருக்கிற மருந்துப் பேரையும் அளவையும் தமிழ்ல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எழுதிக் கொடுக்க எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

என் கடைக்கு வரும் ஓர் ஆச்சி முந்தானை முடிச்சிலிருந்து கத்திரித்த மூன்று மாத்திரைகளை எடுத்து வைப்பார். "அய்யா, இதே மாதிரி பத்து குடு." கத்திரித்த துண்டில் பெயரின் கடைசி மூன்று எழுத்து மட்டும் இருக்கும். கம்பெனி இல்லை, அளவு இல்லை, காலாவதித் தேதி இல்லை. "ஆச்சி, டாக்டர் சீட்டு எங்க?" என்றால், "அது எங்கயோ பெட்டியில கிடக்குய்யா, மாத்திரைதான் இருக்கே" என்பார். வெள்ளை நிறத்தில் வட்டமாக எத்தனையோ மாத்திரைகள் இருக்கின்றன. அந்தத் துண்டை வைத்து எதையாவது எடுத்துக் கொடுப்பது சூதாட்டம். ஒரு முறை அவர் மகனுக்குப் போன் செய்து, சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகுதான் கொடுத்தேன். ஆச்சிக்குக் கோபம். அடுத்த மாதம் சீட்டோடு வந்தார்.

கையில் காசு குறைவாக இருக்கும்போது ஐந்து மாத்திரை, பத்து மாத்திரை என்று வாங்குவது தவறே இல்லை. வாங்கும்போது பெயரும் தேதியும் இருக்கும் பக்கமாகக் கத்திரித்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரசீது கேட்டு வாங்கி மாத்திரையோடு வையுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே மருந்து இரண்டு வழியாக உடம்புக்குள் போவது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது என்று வந்தார். இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னேன். இரண்டு பிபி அட்டைகள் இருந்தன. இரண்டும் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு பெயர், வெவ்வேறு நிறம். பின்பக்கம் பார்த்தால் இரண்டிலும் டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5. ஊர் மாறியபோது புது டாக்டரிடம் போயிருக்கிறார். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று அவர் கேட்டதற்கு "சர்க்கரைக்கு ஒண்ணு, வாயுக்கு ஒண்ணு" என்று சொல்லியிருக்கிறார். பழைய பிபி மாத்திரையைச் சொல்லவில்லை. புது மாத்திரையும் பிபிக்குத்தான் என்பது அவருக்குப் புரியவும் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது இரத்த அழுத்தம் ஒழுங்காக இருந்தது. எழுந்து நிற்கவைத்து எடுத்ததும் மேல் எண் 100-க்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தோம். ஓர் அட்டையை நிறுத்தச் சொன்னார். குளியலறையில் விழாமல் அவர் தப்பித்தது அதிர்ஷ்டம்.

இந்த இரட்டிப்பு வேறு வழிகளிலும் நடக்கும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நடக்க முடியாத முதியவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அதே வீட்டில் பிள்ளைகள் தனியார் டாக்டரிடம் காட்டிக் கூட்டு மாத்திரையும் வாங்கி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த தனி அம்லோடிபினும் கடையில் வாங்கிய கூட்டு மாத்திரைக்குள் இருக்கும் அம்லோடிபினும் ஒன்றுதான் என்று யார் சொல்வது? மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் தனியார் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். தனியார் டாக்டரிடம் அரசு மாத்திரையைக் காட்டுங்கள். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ மலிவாக வாங்கினால் அட்டையில் பெரும்பாலும் மருந்தின் பெயரே இருக்கும், வியாபாரப் பெயர் இருக்காது. அதைப் புது மருந்து என்று நினைத்துப் பழையதோடு சேர்த்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

ஒரே வேலையைச் செய்யும் இரு வேறு மருந்துகளும் சேரக் கூடாது. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போல 'சார்ட்டன்' என்று முடிபவை ஒரு குடும்பம். ராமிப்ரில், எனலாப்ரில் போல 'ப்ரில்' என்று முடிபவை அதற்கு நெருங்கிய சொந்தம். இரண்டையும் சேர்த்தால் நல்லதா என்று 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்த ஆன்டார்கெட் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. கூடுதல் பலன் இல்லை. மயக்கமும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடின. உங்கள் பையில் ஒரு சார்ட்டனும் ஒரு ப்ரிலும் சேர்ந்து இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது மூட்டு வலி மாத்திரை. இந்தப் பதிவிலேயே எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். பிபி இருக்கிற வயதில்தான் முழங்கால் வலியும் இருக்கிறது. "வலிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டு டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிச் சாப்பிடுவது நம் ஊரில் சாதாரணம். இவை இரத்த அழுத்தத்தை ஏற்றும், பிபி மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். அதைவிட மோசம், சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தத்தைக் குறைக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் நுழையும் குழாயை வலி மாத்திரை சுருக்குகிறது. வெளியேறும் குழாயை டெல்மிசார்ட்டன் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதையசைடு உடம்பின் நீரையும் குறைத்துவிடுகிறது. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது வடிகட்டியில் அழுத்தமே இல்லாமல் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். வெயில் காலத்தில், வயதானவருக்கு, ஏற்கெனவே சர்க்கரை இருப்பவருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். 'ஹெச்' அல்லது 'சிடி' சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தொடவே கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் பரவாயில்லை. ஆனால் தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் அதிகம், அதைத் தவிர்த்துவிடுங்கள். மூக்கடைப்புக்கு வாங்கும் சளி மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் இருந்தால் அதுவும் பிபியை ஏற்றும். "எனக்கு பிபி இருக்கு" என்று கடையில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

நாட்டு மருந்துக்கும் இது பொருந்தும். தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரம் மெல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் தினமும் எடுத்தால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தையும் இறக்கும். 'ஹெச்' மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்குவதால் இரண்டும் சேர்ந்தால் கை கால் சோர்ந்து, நெஞ்சு படபடக்கும்.

இதற்கு நேர் எதிரானது 'சோடியம் குறைந்த உப்பு'. பிபிக்கு நல்லது என்று விளம்பரம் பார்த்து வாங்குகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாக ஒரு பங்கு பொட்டாசியம் சேர்த்திருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் பலருக்கு அது நல்லதே. டெல்மிசார்ட்டனோ லோசார்ட்டனோ சாப்பிடுபவர்கள், அதிலும் சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறியிருப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் அந்த உப்புக்கு மாறக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் தினமும் இளநீர் குடிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சாதா உப்பைக் குறைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், எல்லா உணவிலும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

கூட்டு மாத்திரை தொடங்கியவர்கள், அதிலும் டெல்மிசார்ட்டனோ 'ஹெச்' வகையோ உள்ளவர்கள், சில வாரங்களுக்குள் ஒரு முறை கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் இரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மாதாமாதம் ரத்தம் கொடுப்பவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை. முதியவர்களுக்கு 'ஹெச்' வகையில் சோடியம் இறங்குவதை நான் அடிக்கடி கேள்விப்படுகிறேன். திடீரென்று பேச்சு குழம்பும், பகலிலேயே தூங்கி வழிவார்கள், நடை தள்ளாடும். "வயசாயிடுச்சு, மறதி" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மாத்திரையை மாற்றினால் பழையபடி ஆகிவிடக்கூடிய விஷயம் அது. கால் கட்டை விரல் மூட்டில் திடீரென்று வலி பிடித்தாலும் சொல்லுங்கள், அதே மருந்து யூரிக் அமிலத்தையும் ஏற்றும்.

கால் வீக்கத்துக்கு வருவோம். சாயங்காலம் செருப்பு வார் கணுக்காலில் பதிந்து தடம் விழுந்தால், அம்லோடிபின் காரணமாக இருக்கலாம். நீர் கோர்த்துக்கொண்டது என்று நினைத்து, பழைய சீட்டில் இருந்த நீர் பிரியும் மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அம்லோடிபின் வீக்கம் அதற்கு அவ்வளவாகக் கேட்காது, உப்புகள்தான் வீணாக இறங்கும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு சேர்க்கைக்கு மாற்றுவார். வீக்கத்தோடு மூச்சு வாங்கினால் மட்டும் காத்திருக்காமல் உடனே போக வேண்டும், அது இதயத்தின் கோளாறாகவும் இருக்கலாம். ஈறு தடித்து வளர்ந்தால் அதற்கும் அம்லோடிபின் காரணமாகலாம். பல் டாக்டரிடம் அட்டையைக் காட்டுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீர்கூடத் தங்காத நாட்களில் என்ன செய்வது? இதைக் கேட்பவர்களே இல்லை, கேட்க வேண்டிய கேள்வி இதுதான். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சார்ட்டன், 'ஹெச்' இரண்டும் சிறுநீரகத்தைச் சோர வைக்கும். பல டாக்டர்கள் அந்த ஓரிரு நாள் மட்டும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் உங்களுக்கு என்ன சொல்கிறார் என்பதை நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு, விரதம் இருப்பவர்களும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆனால் அட்டெனலால், மெட்டோப்ரோலால் சேர்ந்த கூட்டு மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் படபடப்பு, நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்புகூட வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வகை எழுதினால், ஆஸ்துமா இருப்பதை டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

பெண்களுக்கு ஒன்று. முப்பது வயதிலேயே பிபி வருவது இப்போது புதிதில்லை. கருத்தரிக்க நினைப்பவர்கள், நாள் தள்ளிப்போனவர்கள், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில், எனலாப்ரில் எது மாத்திரைக்குள் இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்துகள் இவை. கர்ப்ப காலத்துக்கென்று லாபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. கூட்டு மாத்திரையின் வியாபாரப் பெயரில் இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது, பின்பக்கத்தில்தான் தெரியும்.

மாத்திரையை வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்மிசார்ட்டன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால்தான் இரண்டு பக்கமும் அலுமினியம் வைத்த தடித்த அட்டையில் வருகிறது. சாப்பிடும் நேரம் வரை அட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்ட பெட்டியில் பிரித்துப் போட்டு வைத்தால், மழைக்காலத்தில் மாத்திரை ஈரத்தை இழுத்துப் பொதபொதவென்று ஆகிவிடலாம். பெட்டி வேண்டுமானால் ஒவ்வொரு மாத்திரையாக அட்டையோடு கத்திரித்து வையுங்கள். மாத்திரையைப் பாதியாக உடைப்பதும் வேண்டாம். சில கூட்டு மாத்திரைகள் இரண்டு நிறத்தில் இரண்டு அடுக்காக இருக்கும், உடைத்தால் இரண்டு மருந்தும் சமமாகப் பிரியாது. மெட்டோப்ரோலால் மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால், பொடித்துக் கொடுத்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அளவு குறைய வேண்டுமென்றால் குறைந்த அளவு மாத்திரை தனியாக இருக்கிறது.

காலையிலா, இரவிலா? பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்த டைம் ஆய்வு 2022-ல் முடிவு சொன்னது: மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம். 'ஹெச்', 'சிடி' சேர்ந்தவற்றை மட்டும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து தடுமாறி விழ வேண்டாம். ஒரு நாள் மறந்தால், அன்றே ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் வழக்கமான ஒன்றோடு நிறுத்துங்கள், இரண்டாகச் சேர்க்கக் கூடாது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் பிபி மாத்திரையையும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். தண்ணீரோடு மாத்திரை சாப்பிடுவதால் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை கெடாது. மாத்திரையை விட்டுவிட்டுப் போய், அங்கே பிபி ஏறி நின்று, அதை நம்பி டாக்டர் மருந்தைக் கூட்டுவதுதான் நடக்கும். அறுவைசிகிச்சை என்றால் மட்டும், அன்று காலை எந்த மாத்திரை வேண்டும், எது வேண்டாம் என்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் கேளுங்கள்.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாளே "குறையலையே" என்று வராதீர்கள். அம்லோடிபின் உடம்பில் முழு அளவுக்கு வந்து சேரவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் கருவி இருந்தால் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வைத்து, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். டீ குடித்த அரை மணி நேரத்துக்குள் வேண்டாம். வீட்டில் எடுக்கும்போது 135/85-க்குக் கீழே இருந்தால் கட்டுக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்களுக்கு இன்னும் கீழே போக வேண்டும், அந்த எண்ணை டாக்டர் சொல்வார். அறுபதைத் தாண்டியவர்கள் எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்தும் ஒரு முறை எடுங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் சொல்லுங்கள். கட்டுக்குள் வந்துவிட்டது என்பதற்காக நிறுத்த வேண்டாம். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது கட்டுக்குள் இருக்கிறது.

உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ, நெஞ்சு அடைத்தாலோ, மயங்கி விழுந்தாலோ, ஒரு பக்கம் கை கால் வராமல் போனாலோ 108-ஐ அழையுங்கள். அப்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள்.

ஒரே ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் அட்டையை, உங்கள் அப்பா அம்மா அட்டையை, இப்போதே எடுத்துப் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரோ கடைக்காரரோ "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் "பிபி மாத்திரை" என்று சொல்லாதீர்கள். படத்தைக் காட்டுங்கள்.